எம். மாரியப்பன் என்பவர் ஒருவரே

1

வருஷா வருஷம் ஜூன் ஒன்றாம் தேதி காலையில் எங்கள் வீட்டில் இரண்டு செல்போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மணியடிக்கும். ஒன்று என்னுடையது. இன்னொன்று எங்களோடு இருக்கும் என் அக்கா முனியம்மாளுடையது. இங்கிலாந்தில் அரசாங்க மருத்துவ சேவை என்று நாட்டுக்கே பொதுவாக ஒன்று இருக்கிறது; குடியிருக்கும் எல்லாரும் ஒரு டாக்டரிடம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். அந்த டாக்டர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்தான் எங்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறது. நான் பெற்ற பெண்ணுக்கு மறந்துபோகும், அதற்கு மறக்காது. வாழ்த்துக்குக் கீழேயே, எடையைக் குறையுங்கள் என்று ஒரு வரியும் இருக்கும். நல்ல நாளும் அதுவுமாக வாயை வைக்காமல் அதற்கு இருக்க முடியாது.

இந்த வருஷம் ஒரு போன்தான் அடித்தது. என்னுடையது.

அக்கா தன்னுடையதை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு வரலியே, மாதம்மா."

"உனக்கு வயசு ஏற வேண்டாம்னு விட்டுட்டாங்க போல. விடு, கொடுத்து வச்சவ."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே மாடிப்படி ஏறப் போனவள் நான்காவது படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நாளாகவே அவளுக்கு அப்படி இருந்தது. படி ஏறினால் நெஞ்சில் யாரோ கை வைத்து அழுத்துகிற மாதிரி என்பாள். டாக்டர் பார்த்துவிட்டு இதயத்துக்கு ஸ்கேன் எழுதியிருந்தார். அந்த மாதம் மூன்றாவது வாரத்தில் தேதியும் கொடுத்திருந்தார்கள். அதனால் பயம் ஏதும் இல்லாமல்தான் இருந்தோம். அந்த ஒற்றை வாழ்த்தை நான் கிண்டல் பண்ணினேனே, அதை நினைத்தால் இப்போது என்னையே நாலு சாத்துச் சாத்தலாம் போலிருக்கிறது.

2

ஊரில் இருப்பவர்கள் கேட்கலாம், அக்காவுக்கும் தங்கைக்கும் எப்படி ஒரே பிறந்தநாள் என்று. ஊரில் இருப்பவர்கள் கேட்க மாட்டார்கள், எனக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேருக்கு ஜூன் ஒன்றுதான் பிறந்தநாள்.

அதியமான்கோட்டையில் எங்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று அக்காவுக்கு ஏழு வயது, எனக்கு நாலரை. அக்காவை இரண்டு வருஷம் அனுப்பாமல் வைத்திருந்ததே எனக்காகத்தான். நெடுஞ்சாலையைத் தாண்டிப் போக வேண்டும், சின்னது தனியாகப் போகாது, இரண்டும் சேர்ந்து போகட்டும் என்று அப்பா முடிவு பண்ணிவிட்டார். அந்தக் காலத்தில் சேர்க்கைக்கு ஒரே பரீட்சைதான். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. அக்கா சுளுவாகத் தொட்டாள். எனக்கு எட்டவில்லை. தலைமை ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்த சமயம் பார்த்து அக்கா என் தலையைக் கைப்பக்கம் அமுக்கிவிட்டாள். எட்டிவிட்டது.

"ரெண்டுக்கும் ஜூன் ஒண்ணு போட்டுடறேன், மாரியப்பா" என்றார் தலைமை ஆசிரியர். வருஷமும் ஒன்றே. அப்பா கும்பிட்டுவிட்டு வந்தார். பிள்ளை பெற்ற எங்கள் அம்மாவை யாரும் கேட்கவில்லை.

முதல் நாள் ஆஜர் எடுத்தபோது என் பெயரைக் கூப்பிட்டார்கள். எனக்குப் பயத்தில் வாய் வரவில்லை. அக்கா பக்கத்திலிருந்து "உள்ளேன் ஐயா" என்றாள். அடுத்து அவள் பெயர். அதற்கும் "உள்ளேன் ஐயா". ஒரு வாரம் எனக்கும் சேர்த்து அவள்தான் சொன்னாள்.

தேதி இப்படி. பெயர் இன்னொரு கூத்து. அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தோம். பாஸ்போர்ட் எடுக்கப் போன இடத்தில் குடும்பப் பெயர் என்ன என்றார்கள். நமக்கு ஏது? அப்பா பெயரை முழுசாக எழுதிக் கொடுத்தோம். அக்கா நர்ஸ் படித்துவிட்டு முதலில் கிளம்பினாள், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. நான் கல்யாணத்துக்கு முன்பே பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன், பிறகு மாற்றவில்லை. முனியம்மாளுக்கும் எம், மாதம்மாவுக்கும் எம்; ஆக இந்த ஊரில் நாங்கள் இருவரும் எம். மாரியப்பன். அப்பா இறந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. பாவம், இன்னும் தினமும் காலையில் எழுந்து அக்காவோடு ஆஸ்பத்திரி வார்டுக்கும் என்னோடு பள்ளிக்கூடச் சமையலறைக்கும் போய் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

3

இப்போது நான் செய்த பாவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பனிக்காலத்தில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. மருத்துவ சேவையில் தொழில்நுட்பத்துக்கு இன்னும் அதிகமாகச் செலவு செய்யலாமா என்று பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறார்களாம். என்னைப் பொதுமக்களாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் பஞ்சாயத்து கிராம சபைக்குக்கூட என்னை யாரும் கூப்பிட்டதில்லை. தம்பி சின்னசாமிக்கு உடனே போன் போட்டேன். அவன் அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரம் டிபன் கடை வைத்திருக்கிறான்.

"அப்ப கவர்மெண்டே உன்னைக் கேட்டுத்தான் பண்ணுதா?" என்றான்.

"பின்ன? இங்க எல்லாமே மெஷின்தான் சின்னசாமி. ஒரு பட்டனைத் தட்டினா நம்ம ஜாதகமே வந்துரும்."

"இங்கயும்தான் கம்ப்யூட்டர் வந்துருச்சு. நேத்து ஆஸ்பத்திரியில 'சர்வர் இல்ல, சாப்புட்டு வாங்க'ன்னாங்க. நம்ம கடையிலயே சாப்புட்டுட்டுப் போனேன்."

நான் பெருமையாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கூட்டம் நூலகத்தில் நடந்தது. டீ, பிஸ்கட். பதினைந்து பொதுமக்கள். நடத்த வந்த பெண் சுவரில் ஒவ்வொரு திட்டத்தையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள். பிடித்தால் பச்சை வட்டம் ஒட்ட வேண்டும், பிடிக்காவிட்டால் சிவப்பு. பொதுமக்கள் கருத்து எப்படி உருவாகிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். முதல் ஆள் பச்சை ஒட்டினால் எல்லாரும் பச்சை. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் மட்டும், "அந்தப் பணத்துக்கு நாலு நர்ஸ் வைக்கக் கூடாதா?" என்று கேட்டார். மிக நல்ல கேள்வி என்று பாராட்டினாள் அந்தப் பெண். பாராட்டிவிட்டு அடுத்த தாளைத் திருப்பினாள். நர்ஸுக்கு அங்கே தாளே இல்லை.

நான்காவது தாளில், ஒரே நோயாளி இரண்டு முறை பதிவாகியிருந்தால் புது அமைப்பு தானாகவே கண்டுபிடித்து நீக்கிவிடும் என்றிருந்தது. ஆஹா என்றிருந்தது எனக்கு. ஊரில் போலி ரேஷன் கார்டு ஒழிந்த மாதிரி அல்லவா! முதல் பச்சையை நான் ஒட்டினேன். சரியாக ஒட்டவில்லை என்று கட்டைவிரலால் அழுத்தியும் விட்டேன்.

4

ஸ்கேனுக்கு நான்கு நாள் முன்பு அக்காவுக்குக் கடிதம் வந்தது. 'உங்களுக்கு இந்தப் பரிசோதனை சென்ற மாதமே செய்யப்பட்டு, இதயம் இயல்பாக இருப்பதாக முடிவு வந்துள்ளது. எனவே உங்கள் முறை ரத்து செய்யப்படுகிறது. மகிழ்ச்சி.'

மகிழ்ச்சியாம். சென்ற மாதம் ஸ்கேன் எடுத்தது நான். எனக்குத் தைராய்டால் படபடப்பு வந்து, பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். அந்த ஒன்றுமில்லை இப்போது அக்கா நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

என் மகள் இனியா என் போனில் மருத்துவ சேவையின் செயலியைத் திறந்து பார்த்தாள். அக்காவின் சர்க்கரையும் என் தைராய்டும் ஒரே ஆளுக்கு எழுதியிருந்தது. "அம்மா, நீங்களும் பெரியம்மாவும் ஒரு பெர்சன் ஆகிட்டீங்க. இட்ஸ் காமன். ஒரு டிக்கெட் ரெய்ஸ் பண்ணுங்க" என்றாள். அவளும் கம்ப்யூட்டர் வேலைதான். எந்த வயிற்றுவலிக்கும் அவளிடம் ஒரே கஷாயம், டிக்கெட் ரெய்ஸ் பண்ணுவது, அதாவது கம்ப்யூட்டரில் புகார் பதிவது. பெரியம்மா மடியில் வளர்ந்த பிள்ளை. பேசிக்கொண்டே ஒரு கையால் வேறு யாருக்கோ செய்தி தட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

மறுநாள் இருவரும் டாக்டர் அலுவலகத்துக்குப் போனோம். வரவேற்பில் இருந்த பெண் தங்கமானவள், வருஷக்கணக்காக எங்களைத் தெரியும்.

"திரை நீங்கள் ஒருவர் என்கிறது" என்றாள்.

"நாங்கள் இருவரும் உன் முன்னால்தானே நிற்கிறோம்?"

"நிற்கிறீர்கள். நான் பார்க்கிறேன். ஆனால் நான் பார்த்ததை எழுத இதில் இடமில்லை."

நான் பச்சை ஒட்டிய அந்தப் புது அமைப்பு, பெயரின் முதல் எழுத்து, குடும்பப் பெயர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று சேர்த்துவிடுமாம்; அது வந்த பிறகு பதிவுகளைப் பிரிக்கும் அதிகாரம் அவளுக்கு இல்லையாம். அதற்கு இணையத்தில் படிவம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து படிவத்தைத் திறந்தோம். பிறப்புச் சான்றிதழ் கேட்டது, நமக்கு ஏது? வேறு சான்று கேட்டது. ஊரிலிருந்து சின்னசாமி பள்ளிச் சான்றிதழ்களைப் படம் எடுத்து அனுப்பினான். இரண்டிலும் ஜூன் ஒன்று. இதைக் காட்டினால் அவர்கள் கட்சிக்குத்தான் பலம். படிவத்தின் அடியில் மட்டும் ஒரு சின்னக் கட்டம் இருந்தது: 'நீங்கள் இரட்டையரா?' ஆம் என்று போட்டால் உடனே பிரித்துக் கொடுக்கும் என்று எழுதியிருந்தது.

"போடு அக்கா" என்றேன்.

"நாம இரட்டை இல்லையே."

"அடிப்பாவி மனுஷி! பொறந்த தேதியே பொய். அம்பது வருஷமா அந்தப் பொய்யிலதான் சாப்புட்டுட்டு இருக்கோம்."

"அது வாத்தியார் சொன்ன பொய். இது நான் சொல்ற பொய். நர்ஸா இருந்துக்கிட்டு பேஷண்ட் ரெக்கார்டுல பொய் எழுத மாட்டேன்."

தன் பதிவைத் தானே திறந்து பார்க்கக்கூட ஊழியருக்கு அனுமதி இல்லை என்று, ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரையும் தொட மறுத்துவிட்டாள். இவளை என்ன செய்வது? உண்மையை எழுதினோம். அக்கா மூத்தவள், எங்களுக்குப் பிறந்த தேதி தெரியாது, தலைமை ஆசிரியர் காதைத் தொடச் சொன்னார் என்று எல்லாவற்றையும் விளக்கி ஒரு பக்கம். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. விண்ணப்பதாரரின் காதுப் பிரச்சினைக்குக் காது மருத்துவரிடம் பரிந்துரை செய்திருக்கிறார்களாம்.

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. "நான் அங்க இத்தனை வருஷம் எத்தனை பேருக்கு நாடி புடிச்சிருப்பேன், மாதம்மா? எனக்குப் புடிக்க ஒரு ஆள் இல்ல பாரு" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. நானும் என் கணவரும் வேறு யார் யாருக்கோ போன் போட்டோம். எல்லா இடத்திலும் முதலில் பிறந்த தேதியைத்தான் கேட்டார்கள்.

5

ஆவணியில் சின்னசாமி மகளுக்குக் கல்யாணம். விமான டிக்கெட் முன்பே எடுத்தது. அக்கா வர வேண்டாம் என்று நானும், கட்டாயம் வருவேன் என்று அவளும் சண்டை போட்டு, கடைசியில் அவளே ஜெயித்தாள்.

தருமபுரியில் கல்யாண மண்டபத்துக்குப் பன்னிரண்டு படி. அக்கா எட்டாவது படியில் அப்படியே உட்கார்ந்தாள். முகமெல்லாம் வேர்வை. பட்டுப்புடவை நனைந்துவிட்டது. சின்னசாமி மாலையைக் கழற்றிச் சம்பந்தி கையில் கொடுத்துவிட்டு ஓடி வந்தான்.

"முகூர்த்தம் முடியட்டும்டா" என்றாள் அக்கா.

"தாலி கட்டறது மாப்பிள்ளை. நான் எதுக்கு? நட அக்கா, கார்ல ஏறு" என்றான்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு இதய மருத்துவமனை. கவுண்டரிலும் கம்ப்யூட்டர்தான். அங்கே இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "பொறந்த தேதி சொல்லுங்க" என்றாள்.

"ஜூன் ஒண்ணு" என்றேன்.

அவள் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். "பள்ளிக்கூடத்துத் தேதியாங்க? எங்க அப்பாவுக்கும் அதாங்க. நெஜ வயசு சொல்லுங்க, டாக்டருக்கு அது வேணும்."

"ரெண்டு வருஷம் கூட்டிக்கம்மா" என்றாள் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே.

"நீங்க யாருங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"தங்கச்சி. எனக்கும் ஜூன் ஒண்ணு."

"அப்பக் கீழ போட்டுக்கறேனுங்க." குறிப்பு என்ற கட்டத்தில் 'கூட வந்தவர் தங்கை, வேறு ஆள்' என்று தட்டினாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் குழந்தை மாதிரி அழுதேன். மாதக்கணக்காக நான் வேண்டியது அந்த இரண்டு சொல்தான்: வேறு ஆள்.

உடனே ஊர்தான் சொர்க்கம் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்க்காதீர்கள். அதே கவுண்டருக்குப் பக்கத்தில் சுவரோரம் புத்தம் புதிதாக ஒரு தொடுதிரை இயந்திரம் நின்றது. நோயாளிகள் தாங்களே பதிந்துகொள்வதற்காம். அதன்மேல் காவலாளி டிபன் டப்பா வைத்திருந்தார். அடுத்த மாதத்திலிருந்து எல்லாரும் அதில்தான் பதிய வேண்டுமாம். இந்தப் பெண்ணை வேறு வேலைக்கு மாற்றப் போகிறார்களாம். வரிசையில் நின்ற ஒருவரிடம், நீங்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு தடவை பொதுமக்கள் ஆனவளுக்கு அந்தப் புத்தி போகாது.

"நல்லதுதாங்க, நாலு பேரு மெச்சற மாதிரி இருக்கும்" என்றார். "ஆனா எனக்குக் கண்ணு தெரியாதுங்க. நம்ம பாப்பாகிட்டயே பதிஞ்சுக்குவேன்."

டாக்டர் அக்காவை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே வந்து என்னைத்தான் திட்டினார். "இந்த நெஞ்சை வச்சிக்கிட்டு ஏரோப்ளேன்ல வந்தாங்களா? நர்ஸ்னு வேற சொல்றீங்க! அங்க யாரும் பார்க்கலியா?"

"பார்த்தாங்க சார். நார்மல்னு சொன்னாங்க."

"யாருக்கு?"

முக்கியமான ரத்தக்குழாயில் அடைப்பு. அன்று மதியமே ஸ்டென்ட் வைத்தார்கள். சின்னசாமி சாயங்காலம் வரை கல்யாண வேட்டியோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு அங்கேயே வந்து அக்கா காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். "ஏன்டா, கறி விருந்து எனக்கு இல்லைன்னு ஆக்கிட்டீங்களே" என்றாள் அக்கா. போன உயிர் எனக்கு அப்போதுதான் திரும்பியது.

6

அக்காவை மூன்று மாதம் சின்னசாமி வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் திரும்பினேன். இனியா ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு, "பெரியம்மா வேணும்" என்றாள். இந்த முறை ஒரு ஆங்கிலச் சொல்கூடக் கலக்கவில்லை.

போன வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. பொதுமக்கள் கருத்துக் கேட்பின் கடைசிக் கட்டமாம். நூலகத்துக்கு வந்தவர்கள் மட்டுமல்ல, பதிந்துள்ள எல்லா நோயாளிகளும் பதில் சொல்லலாம். கேள்வி ஒன்றே ஒன்று: மருத்துவ சேவை தொழில்நுட்பத்துக்கு இன்னும் அதிகமாகச் செலவு செய்ய வேண்டுமா? கீழே கருத்து எழுத ஒரு பெட்டி.

வாடா மகனே என்று உட்கார்ந்தேன். அடுப்பில் குழம்பை அணைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் ஆங்கிலத்தில் இருக்கிற கெட்ட வார்த்தைகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதினேன். பச்சை வட்டத்தை ஒட்டிய கட்டைவிரலாலேயே 'கூடாது' என்று அழுத்தினேன். பெயரின் முதல் எழுத்து, குடும்பப் பெயர், பிறந்த தேதி. அனுப்பு.

'எம். மாரியப்பன், நன்றி. நீங்கள் ஏற்கெனவே உங்கள் கருத்தைத் தெரிவித்துவிட்டீர்கள்.'

ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஊருக்குப் போன் போட்டேன். அக்காவே எடுத்தாள். பின்னால் சின்னசாமி கடையில் தோசைக்கல் சத்தம்.

"அக்கா, கருத்துக் கேட்டு எதுனா வந்துச்சா?"

"ஆமா. போன்ல வாழ்த்துதான் நின்னுச்சு, மெயில் நிக்கல. நேத்தே போட்டுட்டேன். உனக்கும் சேத்துத்தான்டி போட்டேன்."

"என்னன்னு போட்ட?"

"வேணும்னுதான் போட்டேன். செலவு பண்ணட்டும். என் நெஞ்சுக்குள்ள வச்சிருக்கறதும் ஒரு தொழில்நுட்பம்தானே?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் வேண்டாம்னு எழுதிட்டு உக்காந்திருக்கேன்! ஒரு பக்கம் எழுதினேன் அக்கா! எல்லாம் போச்சு!"

"கீழ ஒரு பெட்டி இருந்துச்சு, அதுலயும் எழுதினேன்."

"என்ன எழுதின?"

"நாங்க ரெண்டு பேருன்னு எழுதினேன். வேற ஒண்ணும் எழுதல."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். முதல் நாள் ஆஜரில் வராத அதே வாய், இப்போதும் வரவில்லை. கடைசியில், "நெஞ்சு எப்படி இருக்கு அக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"நமக்கு நார்மல்தான்டி" என்றாள்.